கடல் இல்லாத புது உலகம் நமக்கு எதற்கு?

பாம்பன் கரையான்:
ஈஸ்டர் ராத்திரிப் பூசையில் பங்குச்சாமி, "இதோ! நான் அனைத்தையும் புதியது ஆக்குகிறேன்" என்ற வசனத்தை எடுத்துப் பேசினார். பைபிளின் கடைசி நூலான திருவெளிப்பாடு, 21ஆம் அதிகாரம். வீட்டுக்கு வந்து அதிகாரத்தை முதலிலிருந்து படித்தேன். முதல் வசனமே "கடலும் இல்லாமற்போயிற்று" என்று முடிகிறது. கடலே இல்லாத உலகம்தான் உயிர்ப்பு தரும் நம்பிக்கையா? எங்கள் தெருவில் அதை யாரிடம் போய்ச் சொல்வது?

மண்டபம் டீச்சர்:
தம்பி, அந்த நூலை எழுதிய யோவான் அந்தக் காட்சியைக் கண்டது பத்மு தீவில். சுற்றிலும் தண்ணீர், தன் சபைகள் எல்லாம் அக்கரையில். அதே நூலின் 13ஆம் அதிகாரத்தில் கொடிய விலங்கு ஏறி வருவதும் கடலிலிருந்துதான். இல்லாமல் போகும் என்று அவர் சொன்னது அந்தப் பயமும் பிரிவும்தான்.

பாம்பன் கரையான்:
நல்லா இருக்கே அக்கா! பிடித்த வரி என்றால் அப்படியே உண்மை, இடிக்கிற வரி என்றால் மட்டும் உருவகமா?

தனுஷ்கோடிப் பேரன்:
அண்ணே, எங்கள் வீட்டில் அந்த வரியைக் கேட்டால் நிம்மதியாக இருந்திருக்கும். 1964 டிசம்பர் 22 ராத்திரி அடித்த புயலில் தப்பி வந்தவர் எங்கள் அப்பத்தா. திண்ணையில் கடலுக்கு முதுகைக் காட்டித்தான் உட்கார்ந்து வெற்றிலை இடிப்பார், கடைசி வரைக்கும்.

என் கேள்வி வேறு. 60 வருஷம் தாண்டிவிட்டது. தனுஷ்கோடி சர்ச் இன்னும் கூரையில்லாமல் வெறும் சுவராக நிற்கிறது, வருகிறவர்கள் செல்ஃபி எடுக்கிறார்கள். எது புதிதாச்சு?

மண்டபம் டீச்சர்:
அப்பத்தா பட்டதை வைத்து நான் வாதாட மாட்டேன். ஒன்று மட்டும். உயிர்த்த இயேசு, சந்தேகப்பட்ட சீடர் தோமாவிடம் காட்டியது காயத்தை. சாவையே வென்ற உடம்பில் ஆணித்தழும்பு எதற்கு மிச்சம்? அது அதே உடம்பு என்பதால். பழையதைத் தூக்கிப் போட்டுவிட்டு வேறொன்று வாங்குகிற கதை இல்லை இது.

அப்புறம் அவர் எங்கே போனார்? திபேரியக் கடற்கரைக்கு. ராத்திரி முழுக்க வெறும் வலை இழுத்த சீடர்களுக்குக் கரி நெருப்பில் மீன் சுட்டு வைத்து, சாப்பிடக் கூப்பிட்டார். பிடிபட்டது 153 பெரிய மீன், வலை கிழியவில்லை. கரையில் நின்று எண்ணிப் பார்த்த கணக்கு மாதிரி இல்லையா?

பாம்பன் கரையான்:
வலை கிழியாததுதான் பெரிய புதுமை, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் 2025ல் ஈஸ்டர் ஏப்ரல் 20. 15ஆம் தேதியே மீன்பிடித் தடை தொடங்கி விசைப்படகெல்லாம் கட்டிக் கிடந்தது. தவக்காலம் முடிவதற்குள் 61 நாள் இன்னொரு நோன்பு! மீன் பெருகத்தான் தடை, சரி. அதற்கும் மனுசன் படகைக் கட்ட வேண்டியிருக்கிறது. மேலே பார்த்துக் காத்திருந்து கடல் புதிதானதில்லை.

மண்டபம் டீச்சர்:
காத்திருக்கச் சொன்னது யார்? இயேசு அன்றைக்கு வலையை வலப்பக்கம் வீசச் சொன்னார். வீசியது அவர்கள்தானே!

தனுஷ்கோடிப் பேரன்:
காயம் என்றதும் ஞாபகம் வருகிறது. ஈஸ்டர் ராத்திரி ஏற்றும் பெரிய மெழுகுதிரியான பாஸ்கா திரியில் ஐந்து சாம்பிராணி மணி குத்துவார்களே, அது ஐந்து காயத்துக்கு என்று எனக்குச் சொன்னது அப்பத்தாதான். வருஷத்தில் அந்த ஒரு ராத்திரிப் பூசையை விட மாட்டார். காற்றில் அவர் கையிலிருக்கும் திரி நாலு தடவை அணையும். நாலு தடவையும் பக்கத்து ஆளிடம் சாய்த்துப் பற்றவைப்பார், மெழுகு விரலில் சொட்டும். விடிந்தால் பழையபடி கடலுக்கு முதுகு.

டீச்சர், உடனே என்னைப் பூசைக்குக் கூப்பிடாதீர்கள். இன்னும் அந்த அளவுக்கு வரவில்லை.