பிரெஞ்சு பாஸ்போர்ட் இருக்கிறது, ஒரு வருடம் முதியோர் பராமரிப்பு வேலைக்கு வெளிநாடு போக வேண்டும், எங்கே தொடங்குவது?

காரைக்கால்_21

வணக்கம். எனக்கு 21 வயது, ஊர் காரைக்கால். தாத்தா பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்தவர், எங்கள் ஊர்ப் பேச்சில் சொல்தா. 1962-இல் ஊர் சட்டப்படி இந்தியாவோடு சேர்ந்தபோது பிரெஞ்சுக் குடியுரிமையே இருக்கட்டும் என்று எழுதிக் கொடுத்தவர். அதனால் அப்பாவுக்கும் எனக்கும் பிரெஞ்சு பாஸ்போர்ட், இங்கே இருப்பதற்கு ஓ.சி.ஐ. அட்டை. ஆனால் பிரான்சை நான் பார்த்ததே இல்லை. படித்தது எல்லாம் இங்கேதான், ஆங்கில மீடியம், பிறகு பி.காம். பிரெஞ்சு ஏ2 முடித்திருக்கிறேன், கடையில் சாமான் வாங்கும் அளவுக்குப் பேசுவேன்.

தாத்தாவுக்குப் பக்கவாதம் வந்து இரண்டு வருடம் படுக்கையில் இருந்தார். நானும் அம்மாவும்தான் பார்த்துக்கொண்டோம். இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை புரட்டிப் படுக்க வைப்பது, மூக்குக் குழாயில் கஞ்சி விடுவது, டயப்பர் மாற்றுவது எல்லாம் செய்திருக்கிறேன். கடைசி வரை படுக்கைப்புண் வரவிடவில்லை. தை மாதம் போய்விட்டார். அதற்குப் பிறகு கணக்கு வேலைக்குப் போக மனம் வரவில்லை. ஒரு வருடம் வெளிநாட்டில் முதியவர்களையோ மாற்றுத்திறனாளிகளையோ பார்த்துக்கொள்ளும் வேலை செய்துவிட்டு, நர்சிங் படிக்கலாமா என்று முடிவு செய்ய நினைக்கிறேன்.

ஒரு ஏஜென்ட் ஜெர்மனிக்குத் தன்னார்வலர் விசா எடுத்துத் தர மூன்றரை லட்சம் கேட்கிறார். பார்த்துவிட்டுத் தருகிறேன் என்று பாஸ்போர்ட்டையும் வாங்கி வைத்திருக்கிறார். லண்டனில் இருக்கும் அத்தை, இங்கே வா, கேர் ஹோம் வேலை நிறைய இருக்கிறது என்கிறார். அம்மாவுக்கு இரண்டுமே பயம். சான்றிதழ் எதுவும் இல்லாமல் போக முடியுமா? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

மாயவரம்_ஸ்டுட்கார்ட்

தங்கச்சி, முதல் வேலையாக நாளைக் காலையில் அப்பாவைக் கூட்டிக்கொண்டு போய்ப் பாஸ்போர்ட்டைத் திரும்ப வாங்கு. மற்றதெல்லாம் அப்புறம்.

உனக்கு ஜெர்மனிக்கு விசாவே தேவையில்லை. ஐரோப்பிய ஒன்றியத்தின் எந்த நாட்டுக் குடிமகனும் இன்னொரு உறுப்பு நாட்டில் பெர்மிட் இல்லாமல் தங்கி வேலை செய்யலாம். வீடு கிடைத்ததும் அங்கேயுள்ள அலுவலகத்தில் முகவரியைப் பதிவு செய்ய வேண்டும், அவ்வளவுதான். உனக்குத் தேவைப்படாத ஒன்றை அந்த ஆள் மூன்றரை லட்சத்துக்கு விற்கப் பார்க்கிறார். நான் இந்திய பாஸ்போர்ட்டில் வந்தவன், எனக்கு விசா வேண்டியிருந்தது, அதற்கே ஒரு ஏஜென்ட்டிடம் இரண்டு லட்சம் கொடுத்து ஏமாந்தேன். கடைசியில் இடம் கிடைத்தது நானே அனுப்பிய ஒரு மின்னஞ்சலில்.

அவர் சொல்லும் திட்டத்தின் பெயர் எஃப்.எஸ்.ஜே., தன்னார்வ சமூக ஆண்டு. 27 வயதுக்குள் இருக்க வேண்டும். பெரும்பாலும் 12 மாதம், முதியோர் இல்லம், மருத்துவமனை, மாற்றுத்திறனாளிகள் விடுதி என்று பல இடங்களில் எடுப்பார்கள். சான்றிதழ் கேட்க மாட்டார்கள். இதோடு கூட்டாட்சி அரசின் திட்டம் ஒன்றும் உண்டு, பி.எஃப்.டி. என்பார்கள், அதற்கு வயது உச்சவரம்பு இல்லை. முன்பெல்லாம் பட்டாளத்துக்குப் போக மறுத்த பையன்கள் அதற்குப் பதிலாக முதியோர் இல்லங்களில் வேலை செய்தார்கள். 2011-இல் கட்டாய ராணுவ சேவையை நிறுத்தி வைத்தபோது அந்தக் கைகள் இல்லாமல் போனதால் அதே ஆண்டு இதைத் தொடங்கினார்கள். இதெல்லாம் எதற்குச் சொல்கிறேன் என்றால், அங்கே இது பழகிப்போன ஏற்பாடு, பணம் கட்டிச் சேருகிற இடமே கிடையாது. காரிட்டாஸ், டியாக்கோனி, செஞ்சிலுவைச் சங்கம், யோஹானிட்டர் போன்ற அமைப்புகள் தங்கள் தளங்களிலேயே காலியிடங்களைப் போடுவார்கள். பெரும்பாலான இடங்கள் ஆகஸ்ட், செப்டம்பரில் தொடங்கும், அதனால் முந்தைய குளிர்காலத்திலேயே எழுதத் தொடங்க வேண்டும்.

இது சம்பள வேலை இல்லை. கைச்செலவுக்குப் பணம், சில இடங்களில் அறையும் சாப்பாடும். மருத்துவக் காப்பீடு முதலான சமூகக் காப்பீட்டை அவர்களே கட்டுவார்கள். வருடத்தில் 25 நாள் பயிற்சி வகுப்பு கட்டாயம், மற்ற தன்னார்வலர்களைச் சந்திப்பது அங்கேதான். வீட்டுக்குப் பணம் அனுப்ப வேண்டிய நிலை இருந்தால் இது வேண்டாம்.

வேலை எப்படி இருக்கும் என்று கேட்டால், காலை ஆறு மணி ஷிப்டுக்கு இருட்டில் நடந்து போவாய். எழுப்பி, முகம் கழுவி, உடுத்தி விட்டு, ரொட்டியில் வெண்ணெய் தடவிக் கொடுத்து, சக்கர நாற்காலியைத் தள்ளிக்கொண்டு போய் உட்கார வைப்பாய். ஊசி, மருந்து உன் கையில் வராது. தாத்தாவைப் பார்த்த உனக்கு உடம்பு வேலை கஷ்டமாக இருக்காது. கஷ்டம் மொழிதான். மறதி நோய் வந்தவர்கள் தங்கள் சின்ன வயது வட்டார ஜெர்மனுக்குத் திரும்பிவிடுவார்கள், நாம் வகுப்பில் படித்தது அங்கே எடுபடாது. ஒரு பாட்டி மூன்று மாதம் என்னிடம் ஏதோ கேட்டுக்கொண்டே இருந்தார், தலையாட்டிவிட்டுப் போய்க்கொண்டிருந்தேன். ஜன்னலைத் திறந்து விடச் சொல்லியிருக்கிறார். இன்றைக்கும் அது எனக்கு வலிக்கிறது. பி1, அதாவது நடுத்தர நிலை மொழித் தேர்வு, முடிக்காமல் ஜெர்மனிக்கு வராதே.

தஞ்சாவூர்_நர்ஸ்_அக்கா

தம்பி சொன்னது அத்தனையும் சரி. நான் பதினொரு வருடமாக அயர்லாந்தில் நர்ஸ், அதனால் லண்டன் விஷயத்துக்கு மட்டும் பதில் சொல்கிறேன்.

அத்தை சொல்வது பழைய கதை. பிரிட்டன் ஒன்றியத்தை விட்டுப் போன பிறகு, 2021 ஜனவரி முதல், புதிதாகப் போகிறவர்கள் ஐரோப்பிய பாஸ்போர்ட்டை மட்டும் காட்டி அங்கே வேலை செய்ய முடியாது. கேர் வேலைக்கென்று இருந்த விசா வழியையும் 2025 ஜூலை 22 முதல் வெளிநாட்டிலிருந்து புதிதாக வருகிறவர்களுக்கு மூடிவிட்டார்கள். உறவினர் வீட்டுக்கு வந்தது போல வந்து வேலை செய்தால் சட்ட மீறல், அம்மா பயப்படுவது நியாயம்.

ஆங்கிலம்தான் வரும் என்றால் அயர்லாந்தைப் பார். ஒன்றியத்தில் இருக்கும் நாடு, உன் பாஸ்போர்ட் போதும். இது முழுச் சம்பள வேலை, குறைந்தபட்சக் கூலி 2025-இல் மணிக்கு 13.50 யூரோவாக இருந்தது. ஆனால் வீட்டு வாடகை தலையைத் தின்றுவிடும், டப்ளினில் ஒரு அறை கிடைப்பதற்குள் வேலையே கிடைத்துவிடும். தங்குமிடம் தரும் சிற்றூர் நர்சிங் ஹோம் ஏதாவது இருந்தால் அதைப் பிடி. ஹெல்த்கேர் அசிஸ்டென்ட் வேலைக்குப் பெரும்பாலும் கியூ.கியூ.ஐ. லெவல் 5 என்ற அயர்லாந்துச் சான்றிதழ்ப் படிப்பைக் கேட்பார்கள், சில இடங்களில் சேர்ந்த பிறகு படித்து முடிக்கச் சொல்வார்கள். கார்டா, அதாவது அயர்லாந்து போலீஸ், உன் பின்புலத்தைச் சரிபார்த்த பிறகுதான் வேலையில் விடுவார்கள். நீ இதுவரை வாழ்ந்தது இந்தியாவில் என்பதால் ஊரிலிருந்தே போலீஸ் சான்று கையில் வைத்துக்கொள், தடுப்பூசி அட்டையையும் தேடி எடுத்து வை.

சம்பளம் இல்லாமல், கூடவே வாழ்ந்து பழக வேண்டும் என்று தோன்றினால் கேம்ப்ஹில் சமூகங்கள் இருக்கின்றன. 1940-இல் ஸ்காட்லாந்தில் தொடங்கியது, அயர்லாந்திலும் உண்டு. அறிவுவளர்ச்சிக் குறைபாடு உள்ளவர்களோடு ஒரே வீட்டில் சமைத்து, தோட்ட வேலை செய்து வாழ்வது. நம் பக்கத்துப் பிள்ளைகளுக்கு அது நன்றாக ஒத்துப்போகும் என்பது என் எண்ணம்.

ஊரில் இருக்கும்போதே ஜி.டி.ஏ., நோயாளி உதவியாளர் பயிற்சி, அதை முடித்துவிடு. தூக்கி உட்கார வைப்பதற்குக்கூட முறை இருக்கிறது தங்கச்சி, தெரியாமல் தூக்கி முப்பது வயதில் முதுகைக் கெடுத்துக்கொண்டவர்களோடு நான் வேலை செய்கிறேன்.

புதுவை_லியோன்

எல்லாரும் ஜெர்மனி, அயர்லாந்து என்கிறீர்கள், பெண்ணின் சொந்த நாட்டை மறந்துவிட்டீர்களே.

பிரான்சில் செர்வீஸ் சிவிக் என்ற அரசுத் தன்னார்வ சேவைத் திட்டம் இருக்கிறது. 16 முதல் 25 வயது வரை, 6 முதல் 12 மாதம், டிப்ளமோ எதுவும் கேட்கக் கூடாது என்பதே விதி. மாதம் 620 யூரோ அளவில் கிடைக்கும். ஆனால் ஒன்றைத் தெளிவாகத் தெரிந்துகொள்ளுங்கள். ஊழியர் செய்ய வேண்டிய வேலையைத் தன்னார்வலரிடம் கொடுக்கக் கூடாது. முதியோர் இல்லத்துக்குப் போனாலும் பேசுவது, நடக்கக் கூட்டிப் போவது, விளையாட்டு, வாசித்துக் காட்டுவது இவைதான் உங்கள் வேலை. குளிப்பாட்டுவது கிடையாது. நர்சிங் படிக்கலாமா என்று பார்க்க வேண்டும் என்றால் ஜெர்மனிதான் உங்களுக்குச் சரியாகத் தெரிய வைக்கும். ஆனால் முழுக்கப் பேச்சாகவே இருக்கும் வேலையில் பிரெஞ்சு ஆறு மாதத்தில் வந்துவிடும், அதுவும் சின்ன லாபம் இல்லை. காரைக்கால் எந்தத் தூதரகத்தின் கீழ் வருகிறது என்று தெரியும் அல்லவா? புதுச்சேரி பிரெஞ்சுத் துணைத் தூதரகத்தில் கேளுங்கள், குடிமகள் என்ற முறையில் அது உங்கள் உரிமை.

குடந்தை_பெரியப்பா

எனக்கு வெளிநாட்டு விவரம் தெரியாது, ஆனால் ஒன்று கேட்க வேண்டும். தாத்தா போய் எத்தனை மாதம் ஆகிறது? என் அம்மாவை நான்கு வருடம் பார்த்தேன். அவர் போன பிறகு யார் வீட்டில் முதியவர் இருமினாலும் எழுந்து ஓடுவேன். அந்த நிலையில் வேறு ஒருவருடைய தாத்தாவைப் பார்க்கப் போனால் தினமும் உன் தாத்தாதான் தெரிவார் அம்மா. போக வேண்டாம் என்று சொல்லவில்லை. பக்கத்தில் இருக்கும் ஏதாவது ஒரு முதியோர் இல்லத்தில் மூன்று மாதம் வாரத்தில் இரண்டு நாள் போய்ப் பார். தாங்க முடிகிறதா என்று இங்கேயே தெரிந்துவிடும், அழ வேண்டியிருந்தால் அம்மா பக்கத்தில் இருப்பார்.

காரைக்கால்_21

எல்லாருக்கும் நன்றி. பாஸ்போர்ட் கைக்கு வந்துவிட்டது. ஃபைல் போட்ட செலவு என்று ஐயாயிரம் கேட்டார், அப்பா கொடுக்கவில்லை.

பெரியப்பா, ஐந்து மாதம் ஆகிறது. நீங்கள் சொன்னதைப் படித்துவிட்டு அம்மாவும் நானும் ரொம்ப நேரம் பேசவில்லை. திங்கள்கிழமை முதல் ஊருக்குப் பக்கத்தில் உள்ள ஒரு இல்லத்துக்குப் போகிறேன், மதியச் சாப்பாடு ஊட்டும் நேரத்தில் ஆள் போதவில்லையாம். ஜெர்மன் வகுப்பும் சேர்ந்துவிட்டேன், அடுத்த வருட செப்டம்பருக்கு எழுதுவேன். பிரெஞ்சை விடமாட்டேன்.

மாயவரம் அண்ணா, ஒரு சந்தேகம். பயோடேட்டாவில் அனுபவம் என்ற இடத்தில் எழுத எதுவும் இல்லை. காலியாக விடலாமா?

மாயவரம்_ஸ்டுட்கார்ட்

விடாதே. இரண்டு வருடம் தாத்தாவை வீட்டில் வைத்துப் பார்த்தேன் என்று எழுது. புரட்டியது, குழாயில் உணவு விட்டது, படுக்கைப்புண் வராமல் காத்தது, ஒன்று விடாமல் எழுது. நேர்காணலில் என்னிடம் அரை மணி நேரம் கேட்டது என் ஆயாவைப் பற்றி மட்டும்தான்.