பீரோவில் பூட்டி வைத்த மாத்திரை

அப்பாவுக்குப் புராஸ்டேட் புற்றுநோய். முதுகெலும்புக்குப் பரவிய பிறகுதான் தெரிந்தது. இனி வலியைத்தான் பார்த்துக்கொள்ள முடியும் என்று சொல்லி, மார்ஃபின் 10 மில்லிகிராம் மாத்திரை, நான்கு மணி நேரத்துக்கு ஒன்று என எழுதிக் கொடுத்தார்கள். தெருமுனை மெடிக்கல் ஷாப்பில் அது கிடைக்காது. 1985 போதைப்பொருள் சட்டத்துக்குள் வரும் மருந்து. 2014இல் திருத்தம் வந்த பிறகு அங்கீகாரம் பெற்ற மருத்துவமனைகள் வாங்கி வைப்பது கொஞ்சம் எளிதாகியிருக்கிறது. எங்களுக்கு அப்படிப்பட்ட இடம் ஒன்றேகால் மணி நேர பஸ் தூரம்.

அவ்வளவு அலைந்து வாங்கி வந்ததை பீரோவில் வைத்துப் பூட்டினேன்.

"அது போதை மருந்துடா, பழகிட்டா விடாது" என்றார் சித்தப்பா. படுத்த படுக்கையாகக் கிடக்கும் 74 வயது மனிதர் எதற்கு அடிமையானால்தான் என்ன? இப்போது கேட்கிறேன், அன்று வாய் வரவில்லை. அம்மாவுக்கு வேறு பயம்: அதை ஆரம்பித்தால் அப்பா சீக்கிரம் போய்விடுவார் என்று. ஆகவே அவர் பல்லைக் கடித்துக் கிடந்து, முடியாமல் கத்தும்போது மட்டும் ஒன்று. 11 நாள் இப்படி ஓட்டினோம்.

வீட்டுக்கு வந்த நர்ஸ் அக்கா முதலில் மாத்திரை அட்டையை வாங்கி எண்ணினார். "ஏன் தம்பி இவ்வளவு மிச்சம்?" நான் சொன்னதைக் கேட்டுத் திட்டவில்லை. ஒரு மாத்திரையின் வேலை நான்கு மணி நேரம்தான், அது அடங்குவதற்குள் அடுத்தது உள்ளே போக வேண்டும், வலி ஏறிய பிறகு அதை இறக்குவது பெரும்பாடு என்றார். ஒரு தாளில் எழுதிச் சுவரில் ஒட்டினார்: காலை 6, 10, மதியம் 2, மாலை 6, இரவு 10. இரவு 10க்கு மட்டும் இரண்டு, நடுராத்திரியில் எழுப்பாமல் இருக்க. (இது அப்பாவுக்கு டாக்டர் சொன்ன கணக்கு. உங்கள் வீட்டுக்கு உங்கள் டாக்டர் சொல்வதுதான்.)

மலச்சிக்கல் மாத்திரையை மட்டும் விட்டுவிடாதீர்கள். மார்ஃபினால் வரும் குமட்டல் சில நாளில் நின்றது, மலம் இறுகுவது நிற்கவே இல்லை. நடுவில் இரண்டு நாள் அந்த மாத்திரையை மறந்துவிட்டு, முதுகு வலி போய் வயிற்று வலியில் அவர் நெளிந்ததையும் பார்த்தோம்.

நேரப்படி கொடுக்க ஆரம்பித்த முதல் இரண்டு நாள் தூங்கிக்கொண்டே இருந்தார். அவ்வளவுதான் என்று அம்மா அழுதார். அது வாரக்கணக்கில் பாக்கியிருந்த தூக்கம். மூன்றாம் நாள் எழுந்து, சவரம் பண்ண ஆள் கூப்பிடச் சொன்னார். அதற்கப்புறம் ஏழு வாரம் இருந்தார்.

* * *

உங்கள் அப்பாவைப் பற்றிப் படித்தேன், அண்ணா. நானும் சொல்கிறேன், சேலத்திலிருந்து. எங்கள் அம்மா கடைசி வாரம் சாப்பிடுவதை நிறுத்திவிட்டார். "பட்டினி போடுறியா?" என்று பெரியம்மா கேட்டதில் பயந்து டிரிப்ஸ் போட வைத்தேன். கால் வீங்கியது, மூச்சில் களகள சத்தம் கூடியது. டாக்டர் வந்து நிறுத்தச் சொன்னார். உடம்பு மூடிக்கொண்டு வரும்போது பசி இருக்காது, வாய் உலர்வதுதான் தொந்தரவு என்றார். பஞ்சை நனைத்து நாக்கையும் ஈறையும் துடைத்தேன், உதட்டில் தேங்காய் எண்ணெய் தடவினேன். ஒருக்களித்துப் படுக்க வைத்ததும் சத்தம் பாதி குறைந்தது.

வந்தவர்கள் எல்லாம் வாயில் பால் விட வேண்டும் என்றார்கள். புரையேறினால் என்ன ஆவது? ஆளுக்கு ஒரு பஞ்சு கொடுத்து, பாலில் தொட்டு உதட்டில் மட்டும் வைக்கச் சொன்னேன். பெரியம்மா முறைத்தார், ஆனாலும் வைத்தார்.

அண்ணா, மீந்த மாத்திரைகளை என்ன செய்தீர்கள்?

* * *

திருப்பிக் கொடுத்துவிட்டேன், தங்கச்சி. நர்ஸ் அக்காவே வந்து எண்ணி, நோட்டில் எழுதிக் கையெழுத்து வாங்கிக்கொண்டார். 14 இருந்தது. அப்புறம் அம்மா சரியாகத் தூங்குகிறாரா என்று கேட்டார்.