புதுப்பிப்பு: வெறுமையாகத் தெரிந்தும் நீங்காத கோப்புறை

முன்பு கேட்டிருந்தது: கிளிநொச்சிக் கணினிக்கூடம் ஒன்றில் என்எஃப்எஸ் (வலையமைப்பில் கோப்புகளைப் பகிரும் முறை) வழியாகப் பகிர்ந்த கோப்புறை வெறுமையாகத் தெரிந்தும், வெறுமையான கோப்புறையை நீக்கும் ஆர்எம்டிர் (rmdir) கட்டளை ‘வெறுமையாக இல்லை’ என்று மறுப்பது ஏன்?

காரணம் பிடிபட்டது. மறைந்த கோப்புகளையும் பட்டியலிட்டால், புள்ளியில் தொடங்கி ‘என்எஃப்எஸ்’ என்ற பெயரோடு ஒன்று உள்ளே கிடக்கிறது. இத்தகைய பகிர்ந்த கோப்புறையில், ஒரு செயலியில் திறந்திருக்கும் கோப்பை அழித்தால் லினக்ஸ் கணினி அதை உண்மையில் அழிக்காமல் இப்படிப் பெயர் மாற்றி வைக்கும். அதே கணினியில் அதைக் கையால் அழிக்கப் போனால் ‘பயன்பாட்டில் உள்ளது’ என்ற பிழைதான் வரும். வேறு கணினியிலிருந்து அழிக்கவே வேண்டாம். திறந்து வைத்திருக்கும் செயலி பழுதாகும். திறந்திருக்கும் கோப்புகளைப் பட்டியலிடும் எல்எஸ்ஓஎஃப் (lsof) கட்டளையால் அந்தச் செயலியைக் கண்டுபிடித்து மூடுங்கள், கோப்பு தானாகப் போய்விடும். மூடுமுன் மின்சாரம் நின்றால் (இங்கே அடிக்கடி நடப்பது) அது சேர்வரிலேயே தங்கிவிடும். அப்போது மட்டும் கையால் அழிக்கலாம்.

இன்னொரு கேள்வி: ஒரு செயலி உள்ளே நிற்கும்போதே (அதையே தன் நடப்புக் கோப்புறையாகக் கொண்டிருக்கும்போதே) கோப்புறையை நீக்கலாமா? யூனிக்ஸ் வகை இயங்குதளங்களுக்கான போசிக்ஸ் தரநிலை இதை வரையறுக்கவில்லை: நீக்கலாம், ‘பயன்பாட்டில்’ என மறுக்கவும் செய்யலாம். லினக்ஸ் நீக்கிவிடும், அதன்பின் அங்கே புதுக் கோப்பு உருவாக்க முடியாது. விண்டோஸ் மறுக்கும். ஆகவே ஸ்கிரிப்டில் முதலில் வெளியே வந்துவிட்டு நீக்குவதே பாதுகாப்பு. நீக்கக் கொடுக்கும் பாதையின் கடைசிப் பகுதி ஒற்றைப் புள்ளியாக (நடப்புக் கோப்புறையின் குறி) இருந்தால் மட்டும் தரநிலை கண்டிப்பானது: செல்லாத உள்ளீடு என்ற பிழை தந்தே ஆகவேண்டும்.