பைப் பர்ஸ்டிங்: வியாழனுக்குள் ஒரு தமிழ்ச்சொல் வேண்டும்

கோவையிலிருந்து:
வணக்கம்ங்க. எங்கள் பழைய குடியிருப்பில் பாதாளச் சாக்கடைக் குழாயை மாற்றப் போகிறார்கள், வீட்டுக்கு வீடு தரும் நோட்டீசைத் தமிழில் எழுதும் வேலை என் தலையில். பழைய ஸ்டோன்வேர் (சுட்ட களிமண்) குழாய்க்குள் கூம்பு மாதிரி ஓர் இரும்புத் தலையை விட்டு மறுமுனைக் குழியிலிருந்து இழுப்பார்கள். அது குழாயை உடைத்துச் சில்லுகளைச் சுற்றியுள்ள மண்ணுக்குள் தள்ளிக்கொண்டே போக, பின்னாலேயே புது எச்.டி.பி.இ. (கெட்டி பிளாஸ்டிக்) குழாய் வந்து உட்காரும். தெரு நெடுகத் தோண்ட வேண்டாம். இந்தப் ‘பைப் பர்ஸ்டிங்’ முறைக்குக் ‘குழாய் வெடிப்பு’ என்று எழுதினேன். அம்மா படித்துவிட்டு, “எந்தத் தெருவுல வெடிச்சுது?” என்றார்கள்.

ஈரோட்டிலிருந்து:
உடைகுழாய். வினைத்தொகை, கச்சிதம்.

கோவை:
அதுதாங்க வாத்தியாரய்யா சிக்கலே. உடைந்த, உடைகிற, உடையும் என முக்காலத்துக்கும் விரியுமே! புதுக்குழாயும் உடையும் என்று சண்டைக்கு வருவார்கள்.

கரூரிலிருந்து:
சிலம்பில், ஊர்காண் காதையில், ‘சுருங்கை’ இருக்கிறது, நிலத்தடி வழி என்று பொருள். ‘சுருங்கைப் புதுக்கம்’ என்க. சலதாரை என்று யாரும் ஆரம்பிக்க வேண்டாம், அது வடசொல்.

திருப்பூரிலிருந்து:
அய்யா, சுருங்கையே குழாயைக் குறிக்கும் கிரேக்கச் ‘சிரிங்ஸ்’ என்பாரும் உண்டு. ஊசி போடும் சிரிஞ்சுக்குப் பங்காளி. வடசொல்லை வாசலில் நிறுத்திவிட்டு யவனரைப் பொடக்காலி வழியாக உள்ளே விடுகிறீர்களே?

கரூர்:
சுருங்கு என்னும் வினையடி நம்முடையது. கிரேக்கர் இங்கிருந்து வாங்கியிருக்கலாகாதா? விரிவாக நாளை.

பெருந்துறையிலிருந்து:
நான் இந்த வேலை பார்க்கிறவன். ‘உடைத்திழுப்பு’ போதும்ங்க, செய்வது அதைத்தான். ஆனால் ‘உள்ளுறை’ என்று மட்டும் போட்டுவிடாதீர்கள், அது ரெசினில் ஊறிய உறையைப் பழைய குழாய்க்குள்ளேயே விட்டு இறுகவைக்கும் வேறு முறை. அப்புறம், பெயரை விட முக்கியம்: ஒவ்வொரு வீட்டு இணைப்புக்கும் தனியாகக் குழி பறித்துப் புதுக்குழாயில் மறுபடி சேர்க்க வேண்டும், அதுவரை கக்கூசில் தண்ணீர் ஊற்றக் கூடாது என்பதைப் பெரிய எழுத்தில் போடுங்கள்.

ஈரோடு:
உடைத்து, இழுப்பு... வினையெச்சத்தோடு தொழிற்பெயர். காதுக்குக் கரடுமுரடு. சரி, போகட்டும்.

கோவை:
‘உடைத்திழுப்பு (பழைய குழாயை உடைத்துப் புதுக்குழாய் இழுத்தல்)’ என்றே அச்சுக்குக் கொடுத்துவிட்டேன். அம்மாவுக்குப் பிறைக்கோட்டுக்குள் இருப்பதுதான் புரிந்தது.

கரூர்:
என் மறுப்பு நிற்கிறது. சுருங்கை பற்றிய மடல் நீண்டுவிட்டது, இரண்டு பகுதிகளாக அனுப்புகிறேன்.