வீட்டில் கட்டிய கார் ரோட்டுக்கு வந்த கதை: உங்கள் அனுபவத்தைச் சொல்லுங்கள்

லெஸ்டர்வாசி:
கிட் கார், அதாவது பாகங்களைத் தொகுப்பாக வாங்கி வீட்டிலேயே பூட்டுகிற கார், கட்டுகிறவர்கள் எஞ்சினைப் பற்றித்தான் மணிக்கணக்கில் பேசுவார்கள். நம்மை அலைக்கழிப்பது எஞ்சின் இல்லை, அதன் பிறகு வருகிற சோதனையும் காகிதமும்தான். என்னுடையது லோட்டஸ் செவன் பாணியில், முன்சக்கரம் வெளியே தெரிகிற திறந்த வண்டி. பிரிட்டனில் இந்த மாதிரி வண்டிக்கு ஐவிஏ என்ற தனி வாகன ஒப்புதல் சோதனை உண்டு. 2009-க்கு முன்னால் எஸ்விஏ என்று இருந்ததன் வாரிசு இது.

எங்களுக்கு வந்த அதிகாரி நல்ல மனிதர், ஆனால் கறார். கையில் 100 மில்லிமீட்டர் உருண்டை ஒன்று. அதை வண்டியின் வெளிப்புறம் முழுக்க உருட்டினார். உருண்டை தொடுகிற இடத்தில் விளிம்பு குறைந்தது 2.5 மி.மீ. ஆரத்துக்கு மழுங்கியிருக்க வேண்டும். பாதசாரி மேல் இடித்தால் கிழிக்கக் கூடாது என்பதுதான் காரணம். சஸ்பென்ஷன் போல்ட் ஒவ்வொன்றுக்கும் பிளாஸ்டிக் தொப்பி, தகட்டு ஓரத்துக்கெல்லாம் ரப்பர் பட்டை. சோதனை முடிந்த மறுநாளே பலர் இதையெல்லாம் கழற்றிவிடுகிறார்கள். எனக்கு அது பிடிக்காது, என் வண்டியில் இன்னும் இருக்கிறது.

இந்த வகை வண்டிகள் அதிகம் மாட்டுவது ஸ்டீயரிங்கில். திருப்பிவிட்டுக் கையை விட்டால் சக்கரம் தானாக நேராகத் திரும்ப வேண்டும். முன்பாரம் குறைவு என்பதால் அது லேசில் நடக்காது. காஸ்டர் கோணத்தையும் (முன்சக்கரம் திரும்புகிற அச்சின் முன்பின் சாய்வு) டயர் காற்றையும் சரிபார்த்துவிட்டுப் போங்கள்.

அப்புறம் பதிவு. எல்லாப் பாகமும் புதிது என்று ரசீது காட்டினால் நடப்பு ஆண்டு எண் கிடைக்கும், ஒரு பாகம் மட்டும் புதுப்பித்ததாக இருக்கலாம். எந்த வண்டியிலிருந்து எது வந்தது என்று காட்ட முடியாவிட்டால், வண்டியின் வயது உறுதியில்லை என்று காட்டுகிற, 'க்யூ' எழுத்தில் தொடங்கும் எண்தான். அதை ஃபேன்சி நம்பர் போட்டு மறைக்கவும் முடியாது. ஆகவே நட்டு வாங்கிய ரசீதைக்கூட வைத்திருங்கள். ஸ்வான்சீயில் இருக்கிற வாகனப் பதிவு அலுவலகத்திலிருந்து கடிதம் வந்தால் பதில் சொல்ல அதுதான் உதவும்.

ஹாரோ:
அண்ணை, எனக்குச் சோதனையை விடக் காப்புறுதிதான் பெரிய தலையிடி. முதல்ல ஒரு சாதாரண கொம்பனிக்கு எடுத்தன். போன்ல கதைச்ச பிள்ளை திரும்பத் திரும்ப "வண்டி நம்பர் என்ன" எண்டு கேக்குது. நம்பர் வாறதுக்கு முந்தின ரெஸ்ற்றுக்குத்தான் காப்புறுதி கேக்கிறன் எண்டால் விளங்கேல்லை. கொம்பியூட்டரில அந்தப் பெட்டி நிரம்பாமல் அடுத்த பக்கம் போகாதாம்!

கிட் காருக்கெண்டே இருக்கிற தரகர் ஒருத்தரிட்டப் போனாப் பிறகு சுகமாப் போச்சு. சேஸிஸ் நம்பரில எடுத்துத் தந்தார், பதிவு வந்தாப் பிறகு மாத்திக் குடுத்தார். ரெஸ்ற்றுக்கு முற்கூட்டியே நேரம் எடுத்திருந்தால், காப்புறுதியோட, நம்பர் பிளேட் இல்லாமலே அங்க ஓட்டிக்கொண்டு போகலாம். அப்பிடிப் போகேக்க பொலிஸ் மறிச்சது. ரெஸ்ற்றுக்கு நேரம் குடுத்த கடிதத்தைக் காட்டினன். அவருக்குக் காரைப் பற்றிக் கதைக்கத்தான் விருப்பம், கடிதத்தைப் பார்த்தவரோ தெரியேல்லை.

இன்னொண்டு. சந்தை விலைக்கு எடுக்காதேங்கோ. கையால கட்டின காருக்குச் சந்தை விலையை ஆர் சொல்லுறது? படமும் ரசீதும் குடுத்து, ஒரு தொகையை முதலே பேசி எழுத்தில வாங்குங்கோ.

கோவை:
படிக்கவே ஆசையா இருக்குங்க. நம்மூர்ல இதுக்கு வழி இருக்குங்களா? பழைய 800 எஞ்சின் ஒண்ணு கையில இருக்கு, ஃப்ரேம் வெல்டு பண்ண ஆளும் இருக்கு.

திருப்பூர், ஆர்டிஓ வேலை பார்ப்பவன்:
தம்பி, ரோட்டுக்கு வேணும்னா மறந்துடுங்க. இதே கேள்வியோட என்கிட்ட வந்தவங்க பல பேர். புது வண்டி பதிவுக்கு விற்றவர் தர்ற ஃபார்ம் 21, தயாரிப்பாளர் தர்ற ஃபார்ம் 22 ரெண்டும் வேணும். வீட்ல கட்டினவருக்கு அதை யார் தருவா? தயாரிப்பாளர் தன் மாதிரி வண்டியை புனே ஏஆர்ஏஐ, நம்ம ஒரகடத்துல இருக்கற சோதனை மையம் மாதிரி இடத்துல சோதிச்சு சான்று வாங்கணும்னு மத்திய மோட்டார் வாகன விதி 126 சொல்லுது. அது கம்பெனிக்கான செலவு, தனி ஆளுக்கு இல்லை.

பழைய ஆர்சி வண்டியை மாத்திக் கட்டலாமேன்னு அடுத்து கேப்பீங்க. மோட்டார் வாகனச் சட்டம் பிரிவு 52 தடுக்குது, 2019 ஜனவரியில சுப்ரீம் கோர்ட்டும் கம்பெனி கொடுத்த அமைப்பை மாத்தக் கூடாதுன்னு சொல்லிடுச்சு. பிரேக் இன்ஸ்பெக்டர் மனசு வச்சாலும் நடக்காது. பதிவே இல்லாத வண்டிக்கு தேர்ட் பார்ட்டி இன்சூரன்ஸும் யாரும் போட மாட்டாங்க.

சாங்லி மாவட்டத்துல ஒருத்தர் பழைய இரும்புல ஜீப் மாதிரி கட்டினது ஞாபகம் இருக்கா? ஆனந்த் மஹிந்திராவே பாராட்டினார். ஆனா விதிப்படி இது ரோட்டுல ஓட முடியாதுன்னு சொல்லி, 2022-ல அதை வாங்கிக்கிட்டு பொலேரோ கொடுத்தாங்க.

கட்டுறதை விட்டுடாதீங்க. உங்க ஊர் கரி மோட்டார் ஸ்பீட்வேல காலேஜ் பசங்க தாங்களே கட்டின ஃபார்முலா வண்டிய ஓட்டுறாங்க, அங்க ஆர்சி கேக்க மாட்டாங்க. வீட்டுலேர்ந்து டிராக் வரைக்கும் மட்டும் டெம்போல ஏத்திக் கொண்டு போங்க.