எழுப்பி: ‘பூட் லோடர்’ என்பதற்கு என் பரிந்துரை

குழுவினருக்கு வணக்கம். கணினி தொடங்கும்போது இயங்குதளத்தை நினைவகத்தில் ஏற்றி ஓடவிடும் நிரல்தான் ‘பூட் லோடர்’. அதற்கும், வன்பொருளிலேயே பதிந்து வரும் நிரலான ‘ஃபர்ம்வேர்’ (நிலைபொருள்) என்பதற்கும் தமிழ்ச்சொல் எது என்ற பேச்சில் ஒருவர் எழுதியது:

> ‘துவக்க ஏற்றி’ என்றே வைத்துக்கொள்ளலாமே, பழகிவிட்டது.
> நிலைபொருளைத்தான் மாற்ற வேண்டும்.

ஐயா, இரண்டிலும் எனக்கு மாற்றுக் கருத்து.

இங்கே மலேசியாவின் சுங்கை சிப்புட்டில், தமிழ்ப்பள்ளி முடித்த பிள்ளைகளுக்குப் பழைய கணினிகளில் லினக்ஸ் நிறுவக் கற்றுக்கொடுக்கிறோம். ‘துவக்கு’ என்றதும் அவர்கள் கண் திரையின் மூலையில் இருக்கும் ‘ஸ்டார்ட்’ பட்டிக்குப் போகிறது. யாழ்ப்பாண வழி வந்த வீட்டில் துவக்கு என்றால் துப்பாக்கி. சரி, ‘பூட்’ என்றே எழுதலாம் என்றால் பக்கத்தில் ‘பூட்டு’ வந்து நிற்கிறது. பொருள் நேர் எதிர்.

முதலில் வேலையைப் பார்ப்போம். மின்சாரம் வந்ததும் ஓடுவது நிலைபொருள். தோட்டத்தில் விடியற்காலைப் பெரட்டில் (ஆள்கணக்கு எடுக்கும் கூட்டத்தில்) தண்டல், அதாவது மேற்பார்வையாளர், ஆள் எண்ணுவதுபோல, நினைவகம், விசைப்பலகை, வட்டு என ஒவ்வொன்றாகப் பார்த்து ஆயத்தப்படுத்துகிறது. ஆனால் இயங்குதளத்தின் மையமான கருனி (கெர்னல்) எங்கே கிடக்கிறது என்பது பழைய கணினிகளின் நிலைபொருளான பயாஸுக்குத் தெரியாது. வட்டின் முதல் 512 பைட்டை நினைவகத்தில் வைத்து, கட்டுப்பாட்டை அதனிடம் விட்டுவிடும். அவ்வளவுதான் அதன் பங்கு. அந்த 512-இல் பிரிவு அட்டவணைக்கு 64, கடைசி அடையாளத்துக்கு 2 போக, நிரலுக்கு மிஞ்சுவது 446 பைட். இன்றைய கோப்பு முறைமைகளைப் படிக்கும் நிரல் அதற்குள் அடங்காது. அதனால்தான் லினக்ஸில் பரவலாக உள்ள பூட் லோடரான கிரப் துண்டு துண்டாக வருகிறது. சிறியது பெரியதைக் கொண்டுவரும். பெரியது கோப்புகளைப் படித்து, எந்தக் கருனி வேண்டும் என்று நம்மைக் கேட்டு, அதை நினைவகத்தில் வைத்து, தேவையான அளபுருக்களை (அமைப்பு மதிப்புகளை) கொடுத்து, அதற்குள் தாவும். தாவிய பிறகு கிரப்புக்கு வேலை இல்லை.

இதில் ஏற்றுவது பாதிதான். தேர்ந்தெடுத்து, ஏற்றி, கிளப்பிவிட்டு, பொறுப்பை ஒப்படைத்து விலகுவது முழு வேலை. அதற்கு ‘எழுப்பி’ பொருந்துகிறது.

தமிழில் எழு தன்வினை, எழுப்பு பிறவினை. கணினி எழுகிறது, கிரப் எழுப்புகிறது. ஆங்கிலத்தில் இரண்டுக்கும் ஒரே சொல்தான். நமக்கு இந்த வேறுபாடு இலவசமாகக் கிடைக்கிறது, அதை ஏன் விட வேண்டும்? மீளெழுப்பு (ரீபூட்), ஈரெழுப்பு (டூயல் பூட்), எழுப்புப் பட்டி, கையொப்பம் சரிபார்க்கும் முறைக்குக் காப்பெழுப்பு என்று கிளைகளும் இயல்பாக வருகின்றன. உறக்க நிலையிலிருந்து மீள்வதோடு குழம்பும் என்று சிலர் சொல்லக்கூடும். அதற்கு ‘விழி’ இருக்கட்டும்.

பயாஸுக்கு மாற்றாக யூஇஎஃப்ஐ என்ற நிலைபொருள் வந்த பிறகு நிலைமை இன்னும் மாறிவிட்டது. அதற்கு ஃபேட் என்ற கோப்பு முறைமையில் உள்ள வட்டுப் பிரிவைப் படித்து ஒரு கோப்பை நேராக ஓட்டத் தெரியும். 2012-இல் வெளிவந்த லினக்ஸ் 3.3 முதல், கருனியையே அப்படி ஓட்டும்படி கட்டமைக்கலாம். இடையில் கிரப் தேவையில்லை. அங்கே நிலைபொருளே எழுப்பி ஆகிவிடுகிறது. எழுப்பி என்பது வேலைக்கு வைத்த பெயர் என்பதால் யார் செய்தாலும் செல்லும்.

அப்புறம், நிலைபொருள். இப்போது ஃபிளாஷ் நினைவகத்தில் இருப்பதை மாற்றி எழுத முடிகிறது, ‘நிலை’ எப்படிச் சரி என்று கேட்டிருக்கிறீர்கள். மின்சாரம் போனாலும் அழியாமல் நிலைக்கிறதே, அது போதும். 1967-இல் ஆஷர் ஆப்லர் ‘ஃபர்ம்வேர்’ என்ற ஆங்கிலச் சொல்லை அறிமுகப்படுத்தியபோது அவர் குறித்தது செயலியின் கட்டளைகளை உள்ளே நடத்தும் நுண்நிரலை. பிறகு பொருள் விரிந்தது, சொல் மாறவில்லை. வன்பொருள், மென்பொருள் வரிசையில் இயல்பாக நிற்கும் சொல்லைக் கலைக்க வேண்டாம் என்பது என் வேண்டுகோள்.

ஓர் எழுப்பி இன்னோர் எழுப்பியைக் கூப்பிடுவதற்கு மட்டும் ‘தொடரெழுப்பு’, ‘கைமாற்று’ இரண்டையும் குறித்து வைத்திருக்கிறேன். கைமாற்று கடன் வாங்குவதையும் நினைவூட்டும் என்பதால் முதலாவதன் பக்கம் சாய்கிறேன். கிரப்பின் மொழிபெயர்ப்புக் கோப்பில் வேலை செய்பவர்கள் எது பட்டியில் படிக்க எளிது என்று சொல்லுங்கள்.

அன்புடன்,
சுங்கை சிப்புட்டிலிருந்து