'அசோசியேட்': 'தொடர்புபடுத்து' போதுமா?

நண்பர்களுக்கு வணக்கம்.

ஒன்றை நினைத்தால் இன்னொன்றும் சேர்ந்து மனத்தில் வருவதைச் சொல்லும் ஆங்கில வினை 'அசோசியேட்'. அதற்குத் தமிழில் 'தொடர்புபடுத்து' இருக்கும்போது புதுச்சொல் எதற்கு என்று நேற்று ஐயா ஒருவர் கேட்டிருந்தார். மயிலாப்பூரில் நான் மாலையில் எடுக்கும் ஆங்கில வகுப்பில் நடந்ததைச் சொல்கிறேன்.

சென்ற வாரம் பலகையில் 'டிசம்பர்' என்று எழுதி, 'அசோசியேட்' என்ற வினையோடு ஒரு வாக்கியம் கேட்டேன். வங்கித் தேர்வுக்குப் படிக்கும் பெண் 2015 வெள்ளத்தை எழுதினாள். பட்டினப்பாக்கத்துப் பையன், வீட்டில் கேட்டே வளர்ந்த 2004 சுனாமியை எழுதினான். ஓய்வுபெற்ற பெரியவருக்கு சபாக் கச்சேரியும் கேன்டீன் காபியும். மூவருக்கும் டிசம்பர் வேறு, பிழை மட்டும் ஒன்று: 'வித்' வரவேண்டிய இடத்தில் 'டு'.

அந்த 'டு' நம் நான்காம் வேற்றுமையிலிருந்து வந்தது. "இதற்கும் அதற்கும் என்ன தொடர்பு?" என்கிறோம், மொட்டைத் தலைக்கும் முழங்காலுக்கும் முடிச்சுப் போடுகிறோம். எங்கும் 'கு'. ஆங்கிலச் சொல்லின் வேரோ லத்தீன் 'சோசியஸ்', அதாவது தோழன். தோழனோடு அல்லவா போவோம்? அது மூன்றாம் வேற்றுமை, 'ஓடு', உடனிகழ்ச்சிப் பொருள்.

தவிர, திருட்டு வழக்கோடு ஒருவரைப் போலீஸ்காரரும் தொடர்புபடுத்துவார். மனத்துக்குள் நிகழ்வதைக் காட்ட 'கொள்' என்ற துணைவினை ஒன்று வேண்டும்.

என் பரிந்துரை 'இயைத்துக்கொள்'. "அவள் டிசம்பரை வெள்ளத்தோடு இயைத்துக்கொள்கிறாள்." பெயர்ச்சொல் 'இயைபு'. அடிகளின் இறுதி ஒன்றி வருவது இயைபுத் தொடை. ஓரடியின் ஈற்றைக் கேட்ட காது அடுத்த அடியிலும் அதற்குக் காத்திருக்கும். மனம் செய்வதும் ஏறக்குறைய இதுதான். ஆங்கிலத் தத்துவஞானி ஜான் லாக், மனித அறிவைப் பற்றிய தம் நூலின் நான்காம் பதிப்பில் 1700-இல் புதிதாகச் சேர்த்த அத்தியாயத்தின் தலைப்பு 'அசோசியேஷன் ஆஃப் ஐடியாஸ்'. அதை 'எண்ணங்களின் இயைபு' என்று மாற்றிப் பார்த்தேன், உறுத்தவில்லை.

'இணை' வேண்டாம், அது இணைப் பேராசிரியரோடு போய்விட்டது. 'பிணை' என்றால் நீதிமன்ற வாசல்தான் நினைவுக்கு வருகிறது (இதுவும் இயைபுதான்!). கணக்கில் 'அசோசியேட்டிவ் ப்ராப்பர்ட்டி'க்கு வரும் 'சேர்ப்புப் பண்பு' பாடநூல்களில் ஊன்றிவிட்டது, அதைத் தொடவேண்டியதில்லை.

ஒரு சிக்கல் இருக்கிறது. வகுப்பு முடிந்ததும் பெரியவரிடம் இந்தச் சொல்லைச் சொன்னேன். இருமுறை முயன்றார், இரண்டு முறையும் 'இணைத்துக்கொள்' என்றே வந்தது. யாரிடமாவது இதைவிட நாவில் நிற்கும் சொல் இருந்தால் அனுப்புங்கள், என்னுடையதை விட்டுவிடுகிறேன். 'ஓடு' மட்டும் அதோடு வரவேண்டும்.